சுவரும் கூரையும் சேர்ந்து ஆடும் டென்னிஸ்

1983 ஜூன் 25. லண்டன் லார்ட்ஸ் மைதானத்தின் பெவிலியன் மாடத்தில் கபில்தேவ் உலகக் கோப்பையை உயர்த்திப் பிடித்த காட்சி நமக்கெல்லாம் மனப்பாடம். அந்தப் பெவிலியனின் முன்பக்கத்தைத் தொலைக்காட்சியில் எத்தனையோ முறை பார்த்துவிட்டோம். பின்பக்கத்தைக் கேமரா காட்டுவதில்லை. அங்கே ஒரு கட்டடம் நிற்கிறது. கிரிக்கெட்டின் விதிகளைக் காத்துவரும் மெரில்போன் கிரிக்கெட் கிளப், அதாவது எம்.சி.சி., அந்தக் கட்டடத்துக்குள் இன்னோர் ஆட்டத்தையும் காத்துவருகிறது. விம்பிள்டனில் நாம் பார்க்கும் டென்னிஸுக்கு மூலமான ஆட்டம் அது. பெயர், ரியல் டென்னிஸ். பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று நான்கு நாடுகளில், ஏறத்தாழ ஐம்பது கோர்ட்டுகளில் மட்டும் இன்று இது உயிரோடு இருக்கிறது. புதிதாகப் பார்ப்பவருக்கு முதல் அரைமணி நேரம் ஒன்றுமே புரியாது. புரிந்துவிட்டாலோ, மனிதர்கள் வகுத்த விளையாட்டுகளிலேயே இவ்வளவு நுட்பமான ஒன்று வேறு உண்டா என்ற வியப்பு வரும்.

முதல் வியப்பு அந்த அறைதான். சுமார் 110 அடி நீளம், 39 அடி அகலம். கிரிக்கெட் பிட்ச்சின் இரு ஸ்டம்புகளுக்கிடையே இருப்பது 66 அடி. இந்த அறை அதைப்போல் ஒன்றரை மடங்குக்கும் கூடுதல் நீளம். நடுவே ஒரு வலை. ஓரங்களில் ஐந்தடி உயரமும் நடுவில் மூன்றடி உயரமுமாக அது நன்றாகத் தொய்ந்து தொங்கும். இதுவரை பழக்கமானதுதான். ஆனால் நான்கு சுவர்களில் மூன்றை ஒட்டி, ஏழடி உயரத்தில், வீட்டுத் தாழ்வாரம்போல ஒரு சாய்கூரை ஓடுகிறது. பந்து அதன்மேல் உருளலாம், குதிக்கலாம், அங்கிருந்து விழலாம். எல்லாமே ஆட்டத்தில் சேர்த்தி. கூரையில்லாத நான்காவது சுவர் நேராகப் போய், ஓரிடத்தில் உதைசுவர்போலச் சாய்வாகப் புடைத்துக்கொண்டு உள்ளே வருகிறது. 'டாம்பர்' எனப்படும் இந்தப் புடைசுவரில் பட்ட பந்து, போகவேண்டிய திசையை விட்டுவிட்டுக் கோர்ட்டின் குறுக்கே பாயும்.

சுவர்களில் திறப்புகளும் உண்டு. சர்வீஸ் போடுபவருக்குப் பின்னால், சாய்கூரைக்கு அடியில், அகலமான ஒரு சன்னல். பெயர் 'தெதான்'. அதற்குப் பின்னே வலையின் பாதுகாப்பில் பார்வையாளர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எதிர்முனையின் மூலையில் 'கிரில்' என்ற சதுரத் திறப்பு. பக்கவாட்டுச் சாய்கூரைக்கு அடியில் வரிசையாகச் சிறு திறப்புகள். அவற்றுள் எதிர்முனைக்கோடியில் இருப்பது 'வெற்றித் திறப்பு'. தெதான், கிரில், வெற்றித் திறப்பு ஆகிய மூன்றில் எதற்குள் பந்தை நேராக அடித்தாலும் உடனே புள்ளி. வெற்றித் திறப்பில் மணி கட்டி வைத்திருக்கும் கோர்ட்டுகள் உண்டு. பந்து போய்ச் சேர்ந்ததும் அது கணீரென்று ஒலிக்கும்.

இப்படியொரு அறையை வரைபலகை முன் உட்கார்ந்து யாரும் கற்பனை செய்யவில்லை. பிரான்சில் 12-ஆம் நூற்றாண்டு வாக்கில் துறவி மடங்களின் முற்றங்களில் உள்ளங்கையால் பந்தடித்து ஆடியதிலிருந்து இது வளர்ந்தது என்பது பரவலான கருத்து. முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தின் கூரையே சாய்கூரை ஆயிற்று. தாழ்வாரத்தின் வளைவுகள் திறப்புகள் ஆயின. இருந்த கட்டடத்துக்கு ஏற்றபடி ஆட்டத்தை வளைத்தார்கள். பின்னால் ஆட்டத்துக்கென்றே அறை கட்டியபோது, அந்தத் தடைகளை நீக்காமல் அளவெடுத்து அப்படியே திரும்பக் கட்டினார்கள். தற்செயலாக அமைந்தவை விதிகளாக மாறின. அதனால்தான் இந்த ஆட்டத்தில் கட்டடமே மூன்றாவது ஆட்டக்காரர். உலகில் எந்த இரண்டு கோர்ட்டுகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சாய்கூரையின் சரிவு, புடைசுவரின் கோணம், தரையின் வேகம் எல்லாம் கோர்ட்டுக்குக் கோர்ட் கொஞ்சம் மாறும்.

சுவர் இவ்வளவு முக்கியம் என்றால் சுவர்ப்பூச்சும் முக்கியம்தானே! இங்கிலாந்தின் ஈரக் காற்றில் சுவரில் நீர் பூத்தால் பந்து வழுக்கிவிடும், ஆட்டம் கெடும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜோசப் பிக்லி என்ற கட்டுநர் ஈரம் பூக்காத ஒரு சிமெண்ட் பூச்சை உருவாக்கினார். அவர் பூசிய கோர்ட்டுகள் நூறாண்டு கடந்தும் இன்னும் ஆட்டத்தில் இருக்கின்றன. முழுச் செய்முறையை அவர் யாரிடமும் சொல்லாமலே போய்விட்டார் என்று ரியல் டென்னிஸ் உலகில் பேசிக்கொள்வார்கள்.

அடுத்தது பந்து. நாம் அறிந்த டென்னிஸ் பந்து உள்ளே காற்றடைத்த ரப்பர்க் கூடு. எடை 56 முதல் 59.4 கிராம். ரியல் டென்னிஸ் பந்துக்குள் வெற்றிடமே கிடையாது. நடுவில் தக்கை. அதன்மேல் பருத்தி நாடாவை இறுக்கிச் சுற்றி, நூலால் கட்டி, சுத்தியால் தட்டி உருட்டி, மேலே கம்பளித் துணி போர்த்துக் கையால் தைக்கிறார்கள். எடை 70 முதல் 80 கிராமுக்குள். கிரிக்கெட் பந்தின் எடையில் ஏறக்குறையப் பாதி. கெட்டியான பந்து என்பதால் குறைவாகவே எழும்பும். கையால் செய்தது என்பதால் எந்தப் பந்தும் முழு உருண்டையாக இருக்காது. ஒவ்வொரு கிளப்பிலும் சம்பளத்துக்கு இருக்கும் தொழில்முறை ஆட்டக்காரர்தான் இவற்றைத் தைக்க வேண்டும். உள்கரு பல ஆண்டுகள் உழைக்கும். தேய்ந்த மேல்துணியைப் பிரித்துப் புதிதாகத் தைத்துக்கொண்டே இருப்பார்கள். உலகச் சாம்பியன்களும் கையில் ஊசி பிடித்துப் பந்து தைத்தவர்கள்தான்.

பந்தின் தரத்துக்காக அரசாணையே பிறந்திருக்கிறது. 1480-இல் பிரான்சின் பதினோராம் லூயி மன்னர், நல்ல தோலில் கம்பளி அடைத்தே பந்து செய்ய வேண்டும், மணல், சாம்பல், மரத்தூள் போன்றவற்றை அடைக்கக்கூடாது என்று உத்தரவிட்டார். கலப்படத்தைத் தடுக்கும் சட்டம் டென்னிஸ் பந்துக்கு அப்போதே தேவைப்பட்டிருக்கிறது! லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் பழைய மரக்கூரையை 1920களில் பழுதுபார்த்தபோது, உத்திரங்களின் நடுவே முடி அடைத்த தோல் பந்துகள் கிடைத்தன. யாரோ எந்தக் காலத்திலோ ஓங்கி அடித்த பந்துகள், நூற்றாண்டுகள் கழித்துத்தான் கீழே வந்தன.

மட்டை இன்றும் மரம்தான். அதன் தலை கைப்பிடிக்கு நேராக இராமல் ஒருபக்கம் சற்றே வளைந்திருக்கும். பார்த்தால் செய்பிழை என்றே தோன்றும். காரணத்தோடு வளைத்தது அது. எழும்பாத பந்தைத் தரையோடு ஒட்டியும் சுவர் மூலையிலிருந்தும் எடுக்க அந்த வளைவு தேவை. கனமான பந்தைத் தாங்க வேண்டியிருப்பதால் நரம்புகளை மிக இறுக்கமாகக் கட்டுவார்கள்.

இந்த மட்டையால் எப்படி அடிக்க வேண்டும் என்பதில் அழகான ஓர் இயற்பியல் ஒளிந்திருக்கிறது. பந்தின் அடிப்பகுதியைச் செதுக்குவதுபோல் அடித்தால், அது பின்னோக்கிச் சுழன்றபடி முன்னோக்கிப் பறக்கும். இதைப் பின்சுழல் என்போம். அப்படிச் சுழலும் பந்தின் முன்முகம் மேல்நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். பந்து பின்சுவரில் மோதும் கணத்தில் அந்த முகம் சுவரை மேல்நோக்கி உரசும். உராய்வு எப்போதும் உரசலுக்கு எதிர்த்திசையில் தள்ளும். ஆகவே சுவர் பந்தைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. பந்து சுவரிலிருந்து திரும்பி வராமல் அதன் காலடியிலேயே சரிந்து விழுகிறது. முன்சுழலோடு அடித்தால் நேர்மாறு: சுவர் பந்தை மேலே உதைத்து, எதிராளிக்கு வசதியான உயரத்தில் கொண்டுவந்து கொடுத்துவிடும். இன்றைய டென்னிஸில் நடால் புகழ்பெற்றது முன்சுழலால். அந்த அடி இங்கே பெரும்பாலும் எதிராளிக்குப் பரிசாகவே முடியும்.

சர்வீஸ் போடுவது தனிக் கலை. எப்போதும் ஒரே முனையிலிருந்துதான் போட வேண்டும். பந்து வலையைத் தாண்டி, எதிராளி பக்கத்துச் சாய்கூரையில் ஒருமுறையாவது பட்டு, பிறகு தரையில் குறித்த கட்டத்துக்குள் விழ வேண்டும். இந்த ஒரே விதிக்குள் டஜன்கணக்கில் வகைகளைக் கண்டுபிடித்துப் பெயரும் வைத்திருக்கிறார்கள். 'ரயில்ரோடு' கூரையின்மேல் தண்டவாளத்தில் போவதுபோல் சுவரை ஒட்டி விரையும். 'ஜிராஃபி' விட்டத்தை நோக்கி உயர்ந்து செங்குத்தாக இறங்கும். 'கேட்டர்பில்லர்' கூரைமேல் குட்டிக்குட்டியாகக் குதித்துப் போகும். 'பூமராங்' எதிர்முனைச் சுவரில் பட்டுத் திரும்பும். நல்ல சர்வீஸ் கூரை விளிம்பிலிருந்து உருண்டு பின்சுவர் ஓரத்தில் செத்து விழும். அதை எடுக்க இடமும் இருக்காது, நேரமும் இருக்காது.

அப்படியானால் சர்வீஸ் போடும் முனை பெரிய சொத்து. அதை எப்படிப் பெறுவது? இன்றைய டென்னிஸில் ஒரு கேம் முடிந்தால் சர்வீஸ் தானாகக் கைமாறும். இங்கே அப்படி மாறாது. அந்த முனையை எதிராளி உழைத்துச் சம்பாதிக்க வேண்டும். சம்பாதிக்கும் வழிதான் இந்த ஆட்டத்தின் ஆகப்பெரிய அதிசயம். 'சேஸ்' என்று அதற்குப் பெயர். தொங்குபுள்ளி என்று தமிழில் சொல்லலாம்.

நாம் அறிந்த டென்னிஸில் பந்து இரண்டாம் முறை தரையில் பட்டுவிட்டால் கதை முடிந்தது, புள்ளி போய்விட்டது. இங்கே அப்படி முடிவதில்லை. சர்வீஸ் முனையில் நிற்பவர் ஒரு பந்தைத் தவறவிடுகிறார், அது பின்சுவரிலிருந்து இரண்டு கஜத்தில் இரண்டாம் முறை படுகிறது என்று வையுங்கள். புள்ளி யாருக்கும் இல்லை. 'மார்க்கர்' எனப்படும் நடுவர் "சேஸ், இரண்டு கஜம்" என்று அறிவிப்பார். அந்தப் புள்ளி அடகுக்குப் போன நகைபோல. இன்னும் யார் கைக்கும் வரவில்லை. விலை மட்டும் குறிக்கப்பட்டுவிட்டது. ஆட்டம் தொடரும். இரண்டு தொங்குபுள்ளிகள் சேர்ந்தாலோ, ஒருவர் 40-ஐ எட்டிய நிலையில் ஒன்று இருந்தாலோ, இருவரும் முனை மாறுவார்கள். அடகை மீட்கும் நேரம் அது.

முன்பு தவறவிட்டவர் இப்போது எதிர்முனையில் நிற்கிறார். தன் பந்தின் இரண்டாவது துள்ளல், பின்சுவருக்கு இரண்டு கஜத்தைவிட நெருக்கமாக விழும்படி அவர் அடிக்க வேண்டும். அப்படி விழுந்தால் புள்ளி அவருக்கு. சர்வீஸ் முனைக்கு வந்துவிட்டவரோ ஒவ்வொரு பந்து வரும்போதும் கணக்குப் போட வேண்டும். இது எங்கே போய் இரண்டாம் முறை படும்? மூன்று கஜத்தில் என்றால் தொடாமல் விட்டுவிடலாம், புள்ளி தனக்கு. ஒன்றரை கஜத்தில் என்றால் ஓடிப்போய் எடுத்தே ஆக வேண்டும். சரியாக இரண்டு கஜத்தில் விழுந்தால் தொங்குபுள்ளி ரத்து, யாருக்கும் இல்லை. கையில் மட்டையோடு, பந்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அதைத் தொடாமல் கூர்ந்து பார்க்கும் ஆட்டக்காரரை வேறு எந்த விளையாட்டில் பார்க்க முடியும்? கூரையில் பட்டு, சுவரில் பட்டு, சுழன்று வரும் பந்து எங்கே விழும் என்பதை அவர் ஒரு வினாடிக்குள் முடிவுசெய்தாக வேண்டும்.

இதற்காகத்தான் கோர்ட்டின் தரை முழுக்கக் கஜக்கோடுகள் வரைந்திருக்கிறார்கள். அரைக் கஜ வித்தியாசம்வரை மார்க்கர் கண்ணால் பார்த்துச் சொல்வார். பக்கவாட்டுத் திறப்புகளில் பந்து நுழைந்தால் அதற்கும் ஒவ்வொரு தொங்குபுள்ளி உண்டு. இரண்டு தொங்குபுள்ளிகளையும் அவற்றின் தூரத்தையும் ஸ்கோரையும் மார்க்கர் மனத்தில் ஏற்றி வைத்திருப்பார். கடைசிப் புள்ளியை வென்றவரின் எண்ணை முதலில் சொல்வது இங்கே மரபு. மற்ற ஆட்டங்கள் பந்து உள்ளேயா வெளியேயா என்று மட்டும் கேட்கின்றன. அடி எவ்வளவு நன்றாக இருந்தது என்று கஜக்கணக்கில் அளந்து, அதைவிட நன்றாக அடித்துக் காட்டு என்று எதிராளிக்குச் சவால் விடும் ஆட்டம் இது.

மன்னர்கள் இதில் மயங்கியதற்குக் காரணம் புரிகிறதல்லவா? மயங்கியவர்களில் சிலர் உயிரையும் விட்டார்கள். பிரான்சின் பத்தாம் லூயி 1316-இல் கடும் ஆட்டத்துக்குப் பின் குளிர்ந்த மதுவை அளவின்றிக் குடித்து இறந்தார் என்கின்றன வரலாற்றுக் குறிப்புகள். ஸ்காட்லாந்தின் முதலாம் ஜேம்ஸ் 1437-இல் கொலையாளிகளிடமிருந்து கழிவுநீர்ச் சுரங்கம் வழியே தப்ப முயன்றார். டென்னிஸ் பந்துகள் உள்ளே போய்த் தொலைகின்றன என்று அதன் வாயை அடைக்கச் சொன்னவர் அவரே என்று சொல்லப்படுகிறது. பிரான்சின் எட்டாம் சார்லஸ் 1498-இல் ஆட்டம் பார்க்கப் போகும் வழியில் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டு, சில மணி நேரத்தில் இறந்தார். இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி ஆடும் அழகை, 1519-இல் வெனிஸ் நாட்டுத் தூதர் தன் அறிக்கையில் வியந்து எழுதியிருக்கிறார். ஹென்றி வாழ்ந்த ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில், 1620களில் கட்டிய கோர்ட்டில் இன்றும் ஒரு கிளப் ஆடிவருகிறது. ஸ்காட்லாந்தின் ஃபாக்லண்ட் அரண்மனைக் கோர்ட் அதைவிடப் பழையது: 1539.

இந்த நீண்ட அறைகள் ஆட்டத்துக்கு வெளியேயும் வரலாறு படைத்தன. 17-ஆம் நூற்றாண்டில் நாடகக் குழுக்கள் அவற்றை அரங்குகளாக மாற்றிக்கொண்டன. மோலியேரின் முதல் குழு 1644-இல் பாரிஸில் மேடையேறியது ஒரு டென்னிஸ் கோர்ட்டில்தான். 1789 ஜூன் 20 அன்று, வெர்சாய் நகரில் கூட்ட மண்டபத்தின் கதவு பூட்டியிருக்கக் கண்ட மக்கள் பிரதிநிதிகள் பக்கத்திலிருந்த அரச டென்னிஸ் கோர்ட்டுக்குள் திரண்டார்கள். நாட்டுக்கு அரசியல் சட்டம் கிடைக்கும்வரை கலைவதில்லை என்று அங்கே உறுதி ஏற்றார்கள். பிரெஞ்சுப் புரட்சியின் முதல் பெரிய அடிகளில் ஒன்று, கஜக்கோடுகள் போட்ட தரையில் எடுத்துவைக்கப்பட்டது. அரசவையோடு வளர்ந்த ஆட்டம் அதன்பின் பிரான்சில் தேய்ந்தது. அதைத் தாங்கிப் பிடிக்க ஆங்கிலேயக் கிளப்புகள் முன்வந்தன.

எம்.சி.சி. லார்ட்ஸில் டென்னிஸ் கோர்ட்டுக்கு அடிக்கல் நாட்டியது 1838-இல். அடுத்த சில ஆண்டுகளில், 1846-இல், லெமிங்டனில் இந்த ஆட்டத்துக்கென்றே ஒரு கிளப் தோன்றியது. உலகின் மிகப் பழைய ரியல் டென்னிஸ் கிளப் என்று அதைச் சொல்வார்கள். லார்ட்ஸ் கோர்ட் அறுபது ஆண்டுகள் இருந்த இடத்தை, நூற்றாண்டின் இறுதியில் கிரிக்கெட் கேட்டது. மவுண்ட் ஸ்டாண்ட் கட்ட இடம் வேண்டியிருந்தது. கோர்ட்டை இடித்த கிளப், ஆட்டத்தைக் கைவிடாமல் பெவிலியனுக்குப் பின்னால் புதுக் கோர்ட் கட்டிக் கொடுத்தது. இன்று அங்கே நிற்பது அதுதான்.

1867-இல் எம்.சி.சி. தன் உறுப்பினர்களுக்காகத் தொடங்கிய போட்டிக்குப் பரிசு, முதலிடத்துக்குத் தங்க மட்டை, அடுத்த இடத்துக்கு வெள்ளி மட்டை. தொடக்க காலத்தில் அந்தத் தங்க மட்டையைத் தொடர்ந்து தன்வசம் வைத்திருந்தவர் ஜான் மோயர் ஹீத்கோட் என்ற வழக்கறிஞர். அவருக்குப் பின் கோலோச்சியவர் ஆல்ஃபிரட் லிட்டெல்டன். இந்தப் பெயரைக் கிரிக்கெட் ரசிகர்களும் அறிவார்கள். 1884-இல் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவை அவுட்டாக்க முடியாமல் இங்கிலாந்தின் பதினொரு பேரும் பந்துவீசிய டெஸ்டில், விக்கெட் கீப்பர் லிட்டெல்டன் கையை உயர்த்தாமல் கீழிருந்து வீசி 19 ரன்களுக்கு 4 விக்கெட் எடுத்தார். பந்து எங்கே விழும் என்று கணிக்கும் பயிற்சி அவருக்கு இரண்டு ஆட்டங்களிலும் இருந்தது.

இதே வட்டத்திலிருந்துதான் இன்றைய டென்னிஸ் பிறந்தது. அதற்கு இரண்டு கண்டுபிடிப்புகள் வழிவிட்டன: 1830-இல் வந்த புல்வெட்டும் இயந்திரம், 1840களில் வந்த வல்கனைஸ் செய்த ரப்பர். தக்கைப் பந்து புல்லில் எழும்பாது. ரப்பர்ப் பந்து எழும்பும். 1874-இல் மேஜர் வால்டர் விங்ஃபீல்ட் புல்தரை டென்னிஸுக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் வெறும் ரப்பர்ப் பந்து காற்றில் தடுமாறியது. மட்டையின் பிடிக்குள்ளும் அடங்கவில்லை. தங்க மட்டைக்காரர் ஹீத்கோட் அதன்மேல் வெள்ளைக் கம்பளித் துணியைப் போர்த்திப் பார்த்தார். தன் பழைய பந்தின் மேல்சட்டையைப் புதுப் பந்துக்கு மாட்டியதுபோல் ஆயிற்று. இன்று ஒவ்வொரு டென்னிஸ் பந்தின் மேலும் நாம் தொட்டுணரும் அந்த மஞ்சள் பஞ்சுக்கு வேர் அந்தச் சோதனைதான்.

1875-இல் புல்தரை டென்னிஸுக்குப் பொதுவான விதிகளை வகுத்ததும் எம்.சி.சி.தான். இரண்டு ஆண்டு கழித்து, 1877-இல், விம்பிள்டனில் முதல் போட்டி நடந்தபோது விதிகளைத் திருத்திய மூவரில் ஹீத்கோட்டின் தம்பி சார்லஸும் ஒருவர். 15, 30, 40 என்ற எண்ணும் முறையை ரியல் டென்னிஸிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு வலையின் ஓர உயரமும் அதே ஐந்தடி. 22 பேர் மோதிய அந்தப் போட்டியில் மூன்றாம் இடம் பெற்றவரும் சார்லஸ்தான். சுவர்களையும் கூரையையும் தொங்குபுள்ளியையும் விட்டுவிட்டு, மீதியோடு டென்னிஸ் வெளிச்சத்துக்கு வந்தது.

உள்ளேயே தங்கிய ஆட்டம் தன் உலகப் பட்டத்தை இழக்கவில்லை. 1740 வாக்கில் பிரான்சின் க்ளெர்ஜே முதல் சாம்பியனாகக் கருதப்பட்டதிலிருந்து இந்தப் பட்டம் கைமாறி வருகிறது. விளையாட்டு உலகப் பட்டங்களில் இதுவே மிகப் பழையது என்பார்கள். சாம்பியன் காத்திருப்பார், தகுதி பெற்ற ஒருவர் வந்து சவால்விடுவார். இன்று இறுதிச் சவால் மூன்று நாள் நீளும். முதலில் ஏழு செட் வெல்பவர் சாம்பியன். மொத்தம் பதின்மூன்று செட்வரை போகலாம்.

கட்டடமே ஆட்டக்காரர் என்பதால், எங்கே ஆடுவது என்பது பழைய சவால்களில் பெரிய கேள்வி. சொந்தக் கோர்ட்டின் ஒவ்வொரு கோணமும் அத்துப்படியான ஒருவரை அங்கேயே போய் வெல்வது கடினம். லார்ட்ஸின் தொழில்முறை ஆட்டக்காரர் ஜார்ஜ் லாம்பர்ட் 1871 முதல் சாம்பியன். 1885-இல் பாஸ்டனிலிருந்து டாம் பெட்டிட் சவால்விட்டு வந்தபோது, இருவருக்கும் பொதுவான ஹாம்ப்டன் கோர்ட்டில் ஆடினார்கள், பெட்டிட் வென்றார். 1890-இல் அவரே பட்டத்தைக் காக்க ஆடியது டப்ளினில், கின்னஸ் குடும்பத்தார் கருஞ்சலவைக் கல்லில் இழைத்துக் கட்டிய ஒரு கோர்ட்டில்.

சாம்பியன்களின் வயதைப் பார்த்தால் இன்னொரு வியப்பு. பிரான்சின் எட்மண்ட் பார் 1829 முதல் 1862 வரை பட்டத்தை வைத்திருந்தார், 33 ஆண்டுகள். பாஸ்க் நாட்டவரான பியர் எட்ச்பாஸ்டர் 1928-இல் பட்டம் வென்று, 1954-இல் அறுபது வயதில், யாரிடமும் இழக்காமலே ஓய்வு பெற்றார். ஆஸ்திரேலியாவின் ராப் ஃபேஹி 1994 முதல் 2016 வரை சாம்பியன். அமெரிக்காவின் கேம்டன் ரிவியரிடம் இழந்த பட்டத்தை, 2018-இல் ஐம்பது வயதில் திரும்ப வென்றார். 2022-இல் ரிவியர் மறுபடி பெற்றார். ஃபேஹியின் மனைவி கிளேர் 2011-இல் பெண்கள் உலகப் பட்டத்தை வென்று, பின்னரும் திரும்பத் திரும்ப வென்றவர். ஐம்பது வயதுக் கால்கள் இருபத்தைந்து வயதுக் கால்களோடு எப்படிப் போட்டியிடுகின்றன? ஓடாமல் விடவேண்டிய பந்து எது என்று அறிவதுதான் இந்த ஆட்டத்தில் பாதித் திறமை. அந்த அறிவு வயதோடு கூடுகிறது.

சாதாரண உறுப்பினர்களுக்கும் இதே நீதி கிடைக்க ஓர் ஏற்பாடு உண்டு. ஒவ்வொருவருக்கும் திறமையைக் காட்டும் ஒரு சலுகை எண் இருக்கும். ஆட்டம் முடிந்ததும் முடிவைப் பதிவுசெய்தால் கணினி அந்த எண்ணைத் திருத்தும். இருவர் எண்களின் இடைவெளிக்கு ஏற்ப, எளியவர் ஒவ்வொரு கேமையும் 15 அல்லது 30-லிருந்து தொடங்குவார். வலியவர் பூஜ்யத்துக்கும் கீழிருந்து ஏறி வர வேண்டியிருக்கும். இதனால் பள்ளி மாணவரும் எழுபது வயதுக்காரரும் ஒரே கோர்ட்டில் முழு மூச்சோடு மோதலாம். நாடு கடந்த கிளப்புகளின் உறுப்பினர்கள் எல்லோருக்கும் இது ஒரே அளவுகோல்.

ஆட்டத்தை எளிமையாக்கினால் கூட்டம் பெருகும் என்பது பொதுவாக உண்மை. புல்தரைக்கு வந்த டென்னிஸ் அதைத்தான் செய்து உலகை வென்றது. ரியல் டென்னிஸ் மக்கள் வேறொன்றை நம்பினார்கள்: தடைதான் சிந்தனையைத் தூண்டுகிறது, ஒவ்வொரு மூலையும் இன்னொரு கேள்வி. அந்த நம்பிக்கைக்கு இன்றும் செங்கல் விழுகிறது. இங்கிலாந்தின் ராட்லி கல்லூரியில் 2008-இலும் வெலிங்டன் கல்லூரியில் 2016-இலும் மாணவர்களுக்காகப் புதுக் கோர்ட்டுகள் எழுந்தன. 21-ஆம் நூற்றாண்டின் கட்டடப் பொறியாளர்கள், எவரையும் மழையிலிருந்து காக்காத ஒரு சாய்கூரையையும் எந்தப் பாரத்தையும் தாங்காத ஒரு புடைசுவரையும் கோணம் பிசகாமல் வரைந்து கட்டினார்கள். அவை இல்லாமல் பந்துக்குப் போக்கிடம் இல்லை. அவற்றைப் படிக்காமல் அந்த மாணவர்கள் ஒரு புள்ளிகூட எடுக்க முடியாது.